ரெண்டு பொட்டணம் உண்ணிப்பூ

அந்தப் பையை மடியில வெச்சுக்கங்க, நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறேன். எங்கீங்க போறீங்க? தொட்டிக்கோரையா? அட, நானும் அங்கதானுங்க. ஸ்கூலுக்குப் புதுசா வந்த வாத்தியாருங்களா? நல்லதுங்க. நல்ல ஊருதான். ஊரைப் பத்தி ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆளுகளைப் பத்தி வேணுமின்னா சொல்லலாம், அதுவும் ஒரே ஒரு ஆளைப் பத்தி. சாமியப்பன்னு பேரு. என் மச்சான். எங்கூட்டுக்காரியோட அண்ணன். பஸ்ஸு நிக்கற எடத்துலயே அவரு ஊடு, போனதும் நீங்களே பாப்பீங்க.

நான் சென்னியப்பனுங்க. ஊசிப்பதி. மூங்கிலாத்தா கோயில் கமிட்டித் தலைவரா இருந்தேன். இருக்கேன்னும் வெச்சுக்கலாம், எடுத்துட்டோம்னு யாரும் இன்னும் எழுதித் தரலை.

இப்ப எங்கூட்டுக்காரியக் கூட்டிட்டு வரத்தான் போறேன். துளசிமணின்னு பேரு. அண்ணன் ஊட்டுக்குப் போயி பத்தொம்பது நாளாச்சு. கோவிச்சுட்டுப் போயிட்டான்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. அப்படியெல்லாம் இல்லைங்க. சண்டை போட்டுட்டுப் போனா, அவ்வளவுதான். நாளைக்கு வருவா, நாளான்னிக்கு வருவான்னு நானும் பாத்தேன். பத்தொம்பது நாளு என் கையால பொங்கித் தின்னிருக்கேன். நேத்து ரசம் வெச்சேன் பாருங்க, எங்கூட்டு நாயி அதை மோந்து பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்துச்சு. அதுக்கு மேல முடியலைங்க. சோத்துக்காகச் சொல்லலை. அவ இருந்தா எதையாச்சும் உருட்டிட்டே இருப்பா. இப்ப ஊட்டுக்குள்ள நான் ஒரு டம்ளரைக் கீழ வெச்சா அந்தச் சத்தம் எனக்கே திக்குங்குது. அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. மூணாவது மனுசருங்கறதால உங்ககிட்டச் சொல்றேன்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு செடிங்க. சன்னலுக்கு வெளிய பாருங்க, ரோட்டோரமா முள்ளு முள்ளா, மஞ்சளும் செவப்புமா கொத்துக் கொத்தாப் பூ. உண்ணிச்செடி. அதேதான். அந்தச் செடிக்கு நான் இருபத்தி ரெண்டு வருசம் வக்காலத்து வாங்கியிருக்கேன். கடைசியில எனக்கே குழி பறிச்சிருச்சு.

வெவரமாச் சொன்னாத்தான் புரியும். ஊசிப்பதிக்கும் தொட்டிக்கோரைக்கும் நடுவுல இருக்கறது சரணாலயம். மானு, ஆனை, காட்டெருமை எல்லாம் இருக்கற காடு. அந்தக் காட்டுக்கு நட்ட நடுவுல மூங்கிலாத்தா கோயிலு. ரெண்டு ஊருக்கும் அவதான் தெய்வம். ரெண்டு ஊருல இருந்தும் கோயிலுக்கு ஒவ்வொரு தடம். இந்த ஊருல இருந்து அந்த ஊருக்கு அந்தத் தடத்துல நடந்தா முக்கா மணி நேரம். பஸ்ஸுன்னா சத்தியமங்கலம் போயி எறங்கி, இந்த பஸ்ஸுக்கு மாறி, மலையச் சுத்திட்டு மூணு மணி நேரம். நான் வெடியக் காலம் கெளம்பினவன், இன்னும் வந்துட்டே இருக்கேன் பாருங்க.

இதுல ஒரு வழக்கம் இருக்குது. மாசித் திருவிழாவை நாங்க நோம்பிம்போம், அதுல மொத மரியாதை தொட்டிக்கோரைக்குத்தான். தலையில பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, தேங்கா மூடியக் கையில குடுப்பாங்க. ஆனா ஒண்ணு, அவங்கவங்க ஊருத் தடத்துல நடந்து வந்தவங்களுக்குத்தான் மரியாதை. பஸ்ஸுல வந்தவன், ஜீப்புல வந்தவன் எல்லாம் வேடிக்கை பாக்கலாம், பொங்கச்சோறு திங்கலாம், பரிவட்டம் கெடையாது. எந்த ஊருக்காரன் நடந்து வரலையோ, அந்த மரியாதை அடுத்த ஊருக்குப் போயிரும். அடுத்த ஊருன்னா நாங்க. எங்கூருக்குத் தலைவரு நானு.

இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி அவங்க தடத்துல உண்ணிச்செடி மொளைச்சுது. தானா மொளைச்சதுங்க. பறவை பழத்தைத் தின்னுட்டு எச்சம் போடும், அதுல மொளைக்கும். நானும் ரெண்டு குச்சிய ஒடிச்சு ஊனினேன், அது வேற விசயம். ரெண்டே குச்சி. அது மூணு வருசத்துல ஆளுயரம் ஏறி, ஒண்ணோட ஒண்ணு பின்னி, தடம் இருந்த எடமே தெரியலை. காட்டுப்பன்னி மட்டும் அடியில பூந்து போகும், மனுசன் போக முடியாது. தொட்டிக்கோரைக்காரங்க ரெண்டு தடவை அருவாளோட வந்து வெட்டிப் பாத்தாங்க. வெட்ட வெட்ட அது நல்லாத்தான் தழைச்சுது. அப்பறம் பஸ்ஸுல வந்து வேடிக்கை பாத்துட்டுப் போக ஆரம்பிச்சாங்க. பரிவட்டம் என் தலைக்கு வந்துருச்சு. நான் ஆசைப்படலை. வந்ததை வேண்டாம்னு சொல்றது ஆத்தாவுக்கு மரியாதை இல்லையில்லைங்களா.

எங்கூட்டுக்காரிக்கும் அதுதான் பொறந்த ஊட்டுத் தடம். கல்யாணம் ஆன புதுசுல, காலையில கொழம்பு வெச்சுட்டு அண்ணன் ஊட்டுக்குப் போவா, மத்தியானம் வந்து அதே கொழம்புல எனக்குச் சோறு போடுவா. தடம் மூடினப்பறம் தீவாளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா, ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிட்டு வருவா. அதுக்காக ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. சாயங்காலமானா ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு காட்டுப் பக்கமே பாத்துட்டு இருப்பா. காத்து வாங்கறாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். வாயத் தொறந்து சொல்லாதவளுக்கு என்ன கொறைன்னு எனக்கெப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்க.

போன ஐப்பசியில புதுசா ஒரு ரேஞ்சரம்மா வந்தாங்க. மெர்லின்னு பேரு, மார்த்தாண்டத்துப் பக்கம். வந்த மூணாம் நாளே கோயில்ல ரெண்டு ஊரையும் கூட்டி, இந்த உண்ணிச்செடி நம்ம ஊருச் செடியே இல்லை, அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க பூந்தோட்டத்துக்குன்னு கப்பல்ல கொண்டாந்தது, இப்பக் காட்டையே முழுங்கிட்டு இருக்குது, கோயிலச் சுத்தி நூறு ஏக்கரா வேரோட புடுங்கப் போறோம், ஊரு ஒத்துழைக்கணும்னாங்க.

எந்திரிச்சேன். ஏனுங்கம்மா, வெளிநாட்டுல இருந்து வந்ததையெல்லாம் புடுங்கறதுன்னா மொளகாயப் புடுங்குங்க, தக்காளியப் புடுங்குங்க, எங்க தோட்டத்து மரவள்ளிய மொதல்ல புடுங்குங்க, அதெல்லாம் என்ன ஊசிப்பதியிலயா பொறந்துதுன்னு கேட்டேன். கூட்டத்துல சிரிச்சாங்க. அந்தம்மா கோவிச்சுக்கவே இல்லைங்க. மொளகா தோட்டத்துலதான் இருக்குது, காட்டுக்குள்ள போயி மானோட சோத்தைப் புடுங்கலையேன்னாங்க. இந்தச் செடிக்கடியில புல்லு மொளைக்காதாம், புல்லு இல்லாம மானும் ஆனையும் பட்டினியாம், அதனாலதான் ஆனை ஊருக்குள்ள வருதாம். எங்க வாழைத்தோப்புக்கு மூணு தடவை ஆனை வந்திருக்குது, ஒத்துக்கறேன். அதைப் புல்லு இல்லாததால வந்துச்சுன்னு சொல்ல முடியுங்களா? என்னோடது நேந்திரம்பழம். புல்லு இருந்தாலும் வந்திருக்கும்.

வேற வழியில்லாம, ஆத்தா மண்ணுல கையை வெக்கறதுன்னா ஆத்தாகிட்டக் கேக்கணும், பூவாக்குக் கேக்கலாம்னு சொல்லிட்டேன். ரெண்டு ஊரும் சரின்னுருச்சு. ரேஞ்சரம்மாவும் சரின்னாங்க.

பூவாக்கு உங்கூருலயும் உண்டுங்களா? வெள்ளைப்பூ ஒரு பொட்டணம், செவப்புப்பூ ஒரு பொட்டணம், தேக்கு எலையில ஒண்ணு போலக் கட்டி, ராத்திரி ஆத்தா காலடியில வெச்சு நடை சாத்திருவாங்க. காலையில ஒருத்தரு கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளைன்னா சரி, செவப்புன்னா வேண்டாம். எங்க கோயில்ல பூவைக் கடையில வாங்கக் கூடாது. ஆத்தா எல்லைக்குள்ள பூத்த பூவா இருக்கணும். வெள்ளைக்குக் காட்டுமல்லி, செவப்புக்குக் கண்வலிப்பூ. அப்படித்தான் எப்பவும்.

நாலு பேரு அரை நாளு தேடினோம். ஒரு காட்டுமல்லி இல்லை, ஒரு கண்வலிப்பூ இல்லை. எங்க திரும்பினாலும் உண்ணி. பூசாரி ரங்கன் முழங்கையெல்லாம் கீறிட்டு வந்து நிக்கறான். ரேஞ்சரம்மா பாறை மேல உக்காந்திருந்தாங்க.

"இதைத்தான் ஐயா நானும் சொல்லிட்டு இருக்கேன்"னாங்க.

நான் விடுவனா? சரி, உண்ணிப்பூவுலயும் மஞ்சளும் செவப்பும் இருக்குதே, மஞ்சள்னா சரி, செவப்புன்னா வேண்டாம், அதையே வெப்போம்னேன். பூப்பறிச்சுப் பொட்டணம் கட்டறது தலைவரோட வேலை. பொழுதோட ஒத்தையாப் போனேன். குளிச்சு, ஈர வேட்டியோட, பயபக்தியாத்தான் போனேன்.

போயி ரெண்டு பொட்டணத்துலயும் செவப்பை வெச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க வாத்தியாரே. இதை ஏமாத்துன்னு சொல்லக் கூடாது. ஆத்தா மனசுல செவப்புத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். இருபத்தி ரெண்டு வருசமாப் பரிவட்டம் கட்டறவன், எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தப்பா எதுவும் ஆயிரக் கூடாதேன்னு ஒரு ஒத்தாசை பண்ணினேன். ஒரு ஒரு கொத்தாப் பாத்து, சுத்தியும் நல்லாச் செவந்து, நடுவுல மொட்டு மட்டும் இருக்கறதாத் தேடிப் பறிச்சேன். ஒரு மஞ்சப்பூ இல்லை. சத்தியமுங்க.

காலையில ரெண்டு ஊரும் கூடியிருச்சு. என் மச்சான் சத்தியில எறங்கி எங்கூரு பஸ்ஸைப் புடிச்சு, எங்க தடத்துல நடந்து வந்து, ஒரு ஓரமாக் கையைக் கட்டிட்டு நிக்கறாரு. எங்கூட்டுக்காரி பொம்பளைங்க பக்கம் நிக்கறா, சேலைத் தலைப்பை வாயில வெச்சுக் கடிச்சுட்டு. யாரு எடுக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. ரெண்டு ஊருக்கும் பொதுவான ஆளு வேணும், ரேஞ்சரம்மாவே எடுக்கட்டும்னான் ரங்கன். அவங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாச்சேன்னு நான் இழுத்தேன். ஆத்தா அதெல்லாம் பாக்க மாட்டான்னுட்டான். சரி, யாரு எடுத்தா என்ன, ரெண்டும் செவப்புத்தானேன்னு நானும் விட்டுட்டேன்.

அந்தம்மா செருப்பைக் கழட்டிட்டு, கண்ணை மூடிட்டு, ஒரு பொட்டணத்தை எடுத்தாங்க. ரங்கன் வாங்கிப் பிரிச்சான்.

மஞ்சளுங்க.

நல்ல மஞ்சள். அப்பத்தான் விரிஞ்ச மாதிரிக் கெடக்குது. கூட்டத்துல கொலவை போட்டாங்க. நான் தாங்க மாட்டாம, அந்த இன்னொண்ணையும் பிரி, அந்த இன்னொண்ணையும் பிரின்னு கத்தினேன். பிரிச்சான். அதுவும் மஞ்சள்.

ரெண்டுலயும் மஞ்சள் இருந்தா என்ன அர்த்தம்? கட்டினவன் ரெண்டுலயும் மஞ்சளை வெச்சிருக்கான்னு அர்த்தம். கட்டினவன் யாரு? எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. ரங்கன்தான் மொதல்ல சிரிச்சான்.

"நம்ம தலைவரு பாருங்க, சம்சாரம் பொறந்த ஊட்டுக்குப் போறதுக்குன்னு ஆத்தாவையே ஏமாத்திட்டாரு"ன்னான்.

அவ்வளவுதான், ஊரே சிரிச்சுது. ஆத்தாவுக்கும் சம்மதம், தலைவருக்கும் சம்மதம்னு ஆளாளுக்கு என் முதுகுல தட்டறாங்க. நான் என்னன்னு சொல்றது? இல்லை, நான் ரெண்டுலயும் செவப்பைத்தான் வெச்சேன்னு அங்க நின்னு சொல்ல முடியுங்களா?

ரேஞ்சரம்மா மட்டும் சிரிக்கலை. அந்த எலையக் கையில வாங்கி உத்துப் பாத்தாங்க. அப்பறமா என்னையத் தனியாக் கூப்பிட்டு, ஐயா, இந்தப் பூ நடுவுல இருந்துதான் புதுசு புதுசா விரியும், விரியறப்ப மஞ்சள், பழசானாத்தான் செவப்பு, செவந்ததெல்லாம் பறிச்சு வெச்சா ராத்திரியோட உதுந்துரும், நடு மொட்டு மஞ்சளா விரிஞ்சுரும்னாங்க. எலைக்கடியில சுருண்டு கெடந்த செவப்பை எனக்கு மட்டும் காட்டினாங்க. நான் யாருகிட்டயும் சொல்லலைன்னும் சொன்னாங்க. நல்ல பொண்ணுங்க. ஆனா படிச்சவங்க, இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்.

இருபத்தி ரெண்டு வருசம் தெனமும் பாக்கற பூ. அது நெறம் மாறும்னு எனக்குத் தெரியலை. அதை யாருங்க நின்னு பாத்தாங்க?

அன்னைக்கு ஊட்டுக்கு வந்தா, எங்கூட்டுக்காரி பருப்பும் வெல்லமும் போட்டு ஒப்புட்டுச் சுட்டு வெச்சிருக்கா. நோம்பி இல்லை, ஒறம்பரைன்னு யாரும் ஊட்டுக்கு வரலை, சும்மா ஒரு செவ்வாக்கெழமை. தட்டத்துல வெச்சு, நெய்ய ஊத்தி, எதுக்கால உக்காந்தா.

"எனக்காகவா அப்படிப் பண்ணினீங்க?"ன்னு கேட்டா.

வாயி நெறைய ஒப்புட்டு. தலையை ஆட்டினேன். அது ஆமான்னு ஆட்டினதா, ஒப்புட்டு நல்லா இருக்குதுன்னு ஆட்டினதான்னு யாரு சொல்ல முடியும்? அவ ஆமான்னு எடுத்துக்கிட்டா. இத்தனை வருசம் உங்களைத் தப்பா நெனைச்சுட்டேனுங்கன்னு சொல்லி அழுதா. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்ப எனக்கே நான் மஞ்சளைத்தான் வெச்சேனோன்னு தோணுச்சுங்க.

அதுக்கப்பறம் நாலு மாசம். எப்படிச் சொல்றது. கல்யாணமான புதுசுல கூட அப்படி இருந்ததில்லைங்க. செடி புடுங்கற வேலைக்கு மொத ஆளா இவ பேரைக் குடுத்தா. காலையில மம்பட்டியத் தோளுல போட்டுட்டுப் போனா சாயங்காலம் வருவா. சும்மா வெட்டினா மறுபடி தழைச்சுருமாம், மண்ணுக்கடியில வேர்க்கட்டையத் தோண்டி அறுத்து, தலைகீழாக் கவுத்துப் போடணுமாம். கையெல்லாம் முள்ளுக் கீறலோட வந்து உக்காந்து, இன்னைக்கு எத்தனை தூரம், நாளைக்கு எத்தனை தூரம்னு எனக்கு வெவரம் சொல்லுவா. நான் அந்தக் கைக்கு வேப்பெண்ணை போட்டு உடுவேன். ராத்திரி சோறு திங்கறப்ப மொதத் துண்டுக் கறி எனக்குத்தான். ரோட்டுல போனா பொம்பளைங்க, துளசிமணிக்கு வாச்சவரு இவருதான்னு காட்டுவாங்க. அந்தப் பக்கமிருந்து என் மச்சான் ஒரு ஆளுக்கூட்டத்தோட புடுங்கிட்டு வந்திருக்காரு. தை மாசக் கடைசியில ரெண்டு கூட்டமும் நடுவுல முட்டிக்கிச்சாம். கடைசிச் செடிய இந்தப் பக்கம் இவ புடிக்க, அந்தப் பக்கம் அண்ணன் புடிக்க, புடுங்கினா எதுக்கெதுக்க ரெண்டு பேரும். இவ மம்பட்டியப் போட்டுட்டு ஓன்னு அழுதாளாம். அழுகறதுக்கு என்ன இருக்குதுங்க, பொங்கலுக்குத்தானே பஸ்ஸுல போயிப் பாத்துட்டு வந்தா. நான் அதைப் பாக்கலை. நான் அந்தத் தடத்துப் பக்கமே போகலை. மழை பேஞ்சு புல்லு மொளைச்சிருக்குதாம், மானு கூட்டமா வருதாம், காட்டுமல்லிகூட ஒரு எடத்துல தலை காட்டியிருக்குதாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

ஏன் போகலைன்னா, மாசி வந்துட்டே இருக்குது பாருங்க.

நோம்பியன்னைக்குக் காலையில, உருமி மேளச் சத்தம் அந்தப் பக்கக் காட்டுக்குள்ள இருந்து வருது. இருபத்தி ரெண்டு வருசமா அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. என் மச்சான் முன்னால, ஊரே பின்னால, தடத்துல நடந்து வர்றாங்க. ரங்கன் நேராப் போயி அவருக்குப் பரிவட்டத்தைக் கட்டினான். மாலையப் போட்டான். நான் இந்தப் பக்கம் தனியா நிக்கறேன். தலையில காத்து அடிக்குது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேனுங்க. அந்த மனுசன் அதோட நின்னிருக்கலாம். பரிவட்டத்தைத் தன் தலையில இருந்து அவுத்துக் கையில எடுத்துட்டு என் முன்னால வந்து நின்னாரு. ரெண்டு ஊருக்கும் கேக்கற மாதிரிப் பேசினாரு.

"இந்தத் தடத்தைத் தொறந்து உட்டது எங்க மாப்ளைதான். தங்கச்சிக்காக ரெண்டு பொட்டணத்துலயும் மஞ்சளை வெச்ச மனுசன். இது அவரு தலையிலதான் இருக்கணும்."

வாத்தியாரே, நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? தலையைக் குனிஞ்சிருந்தாப் போதும். பரிவட்டமும் எனக்குத்தான், ஒப்புட்டும் எனக்குத்தான். இப்ப நெனைச்சா எனக்கே தெரியுது. ஆனா அந்த நேரத்துல, இவரு குடுத்து நான் வாங்கறதாங்கறது ஒண்ணுதான் மண்டையில ஓடுச்சு. பிச்சை போடற மாதிரி இருந்துது. வாயி தானாத் தொறந்துருச்சு.

"நான் வெச்சது ரெண்டும் செவப்புய்யா. உங்க தடம் தொறக்கக் கூடாதுன்னுதான் வெச்சேன்"னு கத்திட்டேன்.

உருமி நின்னு போச்சு. ரேஞ்சரம்மா தலையில கையை வெச்சுட்டாங்க. எங்கூட்டுக்காரி பொங்கப் பானைக்குப் பக்கத்துல இருந்து எந்திரிச்சு என்கிட்ட வந்தா. கத்தலை, திட்டலை.

"அப்ப அந்த நாலு மாசமும் பொய்யிங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

ஊரே பாத்துட்டு இருக்கறப்ப என்னன்னு சொல்றது? நோம்பி முடிஞ்சு அவ அண்ணனோட அந்தத் தடத்துல போயிட்டா. நான் இந்தப் பக்கமா ஊட்டுக்கு வந்துட்டேன்.

பத்தொம்பது நாளா அதுக்குப் பதிலை யோசிச்சு வெச்சிருக்கேன். பூவுதான் பொய்யி, அந்த மாசமெல்லாம் பொய்யில்லைன்னு சொல்லணும். சரியா வருதுங்களா? இல்லை, இன்னும் கொஞ்சம் சேத்துக்கட்டுங்களா? அவ கையைப் புடிச்சு எண்ணை போட்டப்ப நான் பரிவட்டத்தையே மறந்துட்டேன், அதுதான் நெசம். அதையும் சொல்லலாம்னு இருக்கேன்.

நடந்து போயிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? அந்தத் தடத்துலயா? நல்லாச் சொன்னீங்க. அவரு தொறந்த தடத்துல நான் நடந்து போயி நின்னா, தோத்துட்டேன்னு ஆயிராதா? மூணு மணி நேரமானாலும் பஸ்ஸுல வந்தவன்னு இருக்கணும். மனுசனுக்கு ஒரு கௌரவம் வேணுமில்லைங்க.

சித்த இருங்க, போனு அடிக்குது. அட, அவதானுங்க.

அலோ. ஆமா, நான்தான். என்ன? எங்க? ஊட்டு வாசல்லயா? எந்த ஊட்டு வாசல்ல? நம்மூட்டு வாசல்லயா? நீ எப்ப வந்தே? நடந்தா? நானு... நானு பஸ்ஸுல இருக்கேன். உன்னையக் கூப்பிடத்தான். ஆமா, பஸ்ஸுலதான். சிரிக்காதே புள்ளே. சாவியா? இரு. சாவி என் சட்டைச் சோப்புலதான் இருக்குது. இந்தா தொட்டிக்கோரை வந்துருச்சு. திரும்பற பஸ்ஸு சாயங்காலம்தானே. அதெப்படி? அதெல்லாம் என்னால... அவருகிட்டயா? சொல்லிட்டியா? சரி. சரி உடு. வர்றேன். துளசி, இந்தா, ஒண்ணு சொல்லணும். அந்த நாலு மாசம்... இல்லை, பஸ்ஸுல ஆளு இருக்குது. வந்து சொல்றேன். வெயில்ல உக்காராதே, கொட்டாயி நெழலுக்குப் போ.

வெச்சுட்டாங்க.

எங்கூட்டுக்காரரு அந்தத் தடத்துல காலை வெக்க மாட்டாரு, நானே போறேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டுக் காலையிலயே கெளம்பி வந்திருக்காளுங்க. ஊடு பூட்டிக் கெடக்குது. நாயோட வாசல்ல உக்காந்திருக்காளாம். என் கௌரவத்தைப் பத்தி அவளுக்கு என்னையவிட நல்லாத் தெரிஞ்சிருக்குது. நடந்து வாங்க, முக்கா மணி நேரந்தான்கறா. நான் பஸ்ஸேறினதைப் பக்கத்தூட்டுல கேட்டுட்டு, மொதல்லயே அண்ணன்கிட்டப் போனு பண்ணிச் சொல்லிட்டாளாம். காப்பித்தண்ணி போட்டு வெச்சிருப்பாராம். குடிக்காம வந்தா ஊட்டுக்குள்ள உட மாட்டாளாம். சாவி என்கிட்டத்தான் இருக்குது, இருந்தாலும் உட மாட்டாளாம்.

கண்டக்டரே, தொட்டிக்கோரை ரெண்டு பேருங்க. படியில பாத்து எறங்குங்க வாத்தியாரே, அந்தப் பையை இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். அதா, அந்த ஓட்டு ஊடுதான். வாசல்ல நிக்கறாரு பாருங்க, டம்ளரைக் கையில வெச்சுட்டு. அந்தத் தடம் அந்த ஊட்டை ஒட்டித்தான் போகுதாட்ட இருக்குது, வேற வழியும் தெரியலை.

நீங்க முன்னால போங்க. நான் உங்களுக்குப் பின்னாடியே வர்றேன்.